தகரம் கழற்றாத வீடுகள்

மின்னஞ்சல் வந்தது 2024 ஆவணி (ஓகஸ்ட்) 9, வெள்ளிக்கிழமை, பின்னேரம் 4.12க்கு. அதன் மூன்றாவது பந்தியை அப்படியே தருகிறேன்: "நீங்கள் வன்னியில் இருந்துகொண்டு கணினி விளையாட்டுகள் ஆடுகிறவர் என்று அறிந்தேன். மந்திர உலக விளையாட்டு, உலகம் அழிந்த பின் நடக்கும் விளையாட்டு, இந்த இரண்டு வகையில் எதன் சூழல் உண்மையானது, எது உங்களைக் கூடுதலாக மூழ்கடிக்கிறது என்று ஒப்பிட்டு ஆயிரத்தைந்நூறு சொற்களில் ஒரு கட்டுரை தருவீர்களா? அழிவை நேரில் கண்ட ஒருவரின் பார்வை எங்கள் வாசகர்களுக்குப் புதிது."

எழுதியவர் கடல் கடந்த நகரம் ஒன்றில் இருந்து தமிழில் ஓர் இணையச் சஞ்சிகை நடத்துகிறவர். நான் அவரை ஒருநாளும் கண்டதில்லை. கடைசி வசனத்தை அன்றைக்கு நான் சரியாக வாசிக்கவில்லை. சந்தோஷத்தில் கண் அதைத் தாண்டிப் போய்விட்டது.

சந்தோஷத்துக்குக் காரணம் சொல்ல வேண்டும். நான் எழுதி நிரப்பிய இருபத்திரண்டு கொப்பிகள் என்னிடம் இருக்கின்றன. மழை பெய்த நாள், இரணைமடுக் குளத்தின் வான்கதவு திறந்த நாள், மின்சாரம் நின்ற நேரம், வந்த நேரம், வாசித்து முடித்த புத்தகங்கள், இப்படி. ஒருவரும் கேட்காத பதிவுகள். பத்திரிகைகளுக்கு நான்கு தடவை எழுதிப் போட்டேன், நான்கும் வெளிவரவில்லை. நாற்பத்தாறு வயதில், முதல்தடவையாக ஒருவர் என்னிடம் எழுதித் தரச் சொல்லிக் கேட்டிருக்கிறார். என் பெயரோடு ஒரு கட்டுரை வரவேண்டும் என்று நான் மிகவும் ஆசைப்பட்டேன். அதை மறைத்துவிட்டு மிச்சத்தை எழுதுவது சரியில்லை.

பகலில் நான் விவசாயிகளுக்கான கமநல சேவை நிலையம் ஒன்றில் எழுதுவினைஞர். மனைவி பள்ளிக்கூடத்தில் கணிதம் படிப்பிக்கிறாள். எங்களிடம் வவுனியாவில் வாங்கிய பாவித்த கணினி ஒன்று இருக்கிறது. அதில் சனிக்கிழமை பின்னேரமும், ஞாயிற்றுக்கிழமை அவள் தேவாலயத்தில் பூசைக்குப் போய் வந்த பிறகும், முறை வைத்து விளையாடுவோம். அவள் முல்லைத்தீவுக் கரையில் பிறந்தவள். வீட்டில் எல்லாரும் கடற்றொழில். இந்த வகை விளையாட்டில் நீங்கள் ஓர் ஆளை உருவாக்கி, அந்த ஆளாக ஒரு பெரிய நாட்டுக்குள் நடந்து திரியலாம். கதை என்று ஒன்று இருக்கும். அதை விட்டுவிட்டு ஆற்றங்கரையில் சும்மா நிற்கவும் விடுவார்கள். எங்களிடம் இரண்டு இருந்தன. ஒன்றில் அரசர்கள், மந்திரம், ட்ராகன், பெரிய பெரிய மரங்கள். மற்றதில் ஒரு பெரும் போர் முடிந்து இருநூறு வருஷத்துக்குப் பிறகு மிஞ்சிய நாடு. மனைவி முதலாவதுக்குக் காட்டுக் கேம் என்றும் இரண்டாவதுக்குச் சாம்பல் கேம் என்றும் பெயர் வைத்தாள். கொப்பியிலும் அப்படித்தான் எழுதியிருக்கிறேன்.

மின்னஞ்சலை அவளுக்கு வாசித்துக் காட்டினேன்.

"மூழ்கடிக்கிறதோ?" என்றாள். "எங்கட ஊரில மூழ்கினவன் எண்டால் செத்தவன். பிரேதம் கரைக்கு வருமட்டும் காவல் இருக்கிறது."

"அது இங்கிலீசுச் சொல்லை அப்பிடி மாத்தியிருக்கினம்."

"அப்ப ஊறுறது எண்டு எழுதுங்கோ. கருவாட்டுக்கு உப்பு ஊறுற மாதிரி. கொஞ்சம் நேரம் எடுக்கும், பிறகு கழுவினாலும் போகாது."

நல்ல சொல் என்று பட்டது. இருபத்துமூன்றாவது கொப்பியை அதற்கென்று தொடங்கினேன். பக்கத்தை இரண்டு பத்தியாகப் பிரித்து, தலைப்பில் "ஊறல்" என்று எழுதினேன். ஒவ்வொரு தடவை விளையாடிய பிறகும் எந்த இடத்தில் ஊறினேன், எந்த இடத்தில் வெளியே வந்துவிட்டேன் என்று குறித்தேன். ஏழு கிழமை அப்படிச் செய்தேன்.

சாம்பல் கேமில் நான் முதல் நாளே வெளியே வந்துவிட்டேன்.

கதாநாயகன் மண்ணுக்குக் கீழே இருந்து வெளியே வருகிறான். கண் கூசும் வெளிச்சம், பிறகு மண்ணிறத்தில் ஒரு நாடு. உடைந்த வீதி, சரிந்த கம்பங்கள். காற்று ஓயாமல் ஊளையிடுகிறது, பின்னால் சோகமாக ஒரு வயலின். முதல் வீட்டுக்குள் போனேன். சுவர் பாதி இல்லை. கதவு இல்லை. இருநூறு வருஷமாக மேசையிலேயே ஒரு கோப்பை, அலுமாரியில் ரின்னில் அடைத்த உணவு. கமராவை மேலே திருப்பினேன். கூரையில் தகரம் இருந்தது. துரு ஏறியிருந்தாலும் முழுத் தகரம், வரிசையாக.

அடுத்த வீடு, அதற்கடுத்த வீடு, பிறகு ஒரு மாட்டுக்கொட்டில். எல்லாவற்றிலும் தகரம்.

"ஏன் எல்லா வீட்டிலயும் முகட்டைப் பார்த்துக்கொண்டு நிக்கிறியள்?" என்றாள் மனைவி. விடைத்தாள் திருத்திக்கொண்டிருந்தாள். "பின்னால ஒருத்தன் சுடுறான்."

"தகரம் கழட்டேல்லை."

"ஆர்?"

"ஒருத்தரும். சனம் போகேக்க தகரத்தைக் கழட்டாமப் போயிருக்கு."

அவள் சிரித்துச் சிரித்துச் சிவப்புப் பேனையைக் கீழே போட்டுவிட்டாள். "அவையளுக்கு ஏத்திக்கொண்டு போக உழவுமெசின் கிடைக்கேல்லையாக்கும்."

நான் சிரிக்கவில்லை. எரிச்சலாக இருந்தது. வன்னியில் இடம்பெயர்ந்த எவரிடமும் கேட்டுப் பாருங்கள். முதலில் ஏற்றுவது தகரம். அதற்குப் பிறகு கதவு, யன்னல், கைமரம், சட்டி பானை. சுவரை மட்டும் விட்டுவிட்டுப் போவோம். வெறும் சுவர் நின்றால் அங்கே சனம் உயிரோடு தப்பிப் போயிருக்கிறது என்று அர்த்தம். தகரத்தோடு வீடு நின்றால் அவர்களுக்கு நேரம் இருக்கவில்லை, அல்லது அதைவிட மோசமானது ஏதோ நடந்திருக்கிறது. நான் ஒரு வீட்டைப் பார்த்ததும் இதைத்தான் வாசிப்பேன். சாம்பல் கேமில் எல்லா வீடும் ஒரே செய்தியைச் சொன்னது. ஆனால் அதைச் செய்தவர்களுக்கு அப்படி ஒரு செய்தி இருப்பதே தெரியாது. நான் நுழைந்த வீடுகளைக் கொப்பியில் கோடு போட்டு எண்ணினேன். கழற்றிய கூரை ஒன்றுகூட அகப்படவில்லை.

நிறமும் பிழை. போர் முடிந்து 2010இல் நாங்கள் முகாமில் இருந்து எங்கள் ஊரான முரசுமோட்டைக்குத் திரும்பி வந்தபோது எங்கள் வளவு எது என்று எனக்குத் தெரியவில்லை. கிணற்றுக்கட்டை வைத்துத்தான் பிடித்தோம். எருக்கலையும் நாயுண்ணியும் ஆளுயரத்துக்கு நின்றன. குசினி இருந்த இடத்தில் ஒரு வேம்பு, சாமியறையில் கறையான் புற்று. ஆளில்லாத இடம் மண்ணிறமாக இருக்காது. ஒன்றரை வருஷத்திலேயே கண்ணுக்குள் குத்துகிற பச்சையாகிவிடும். சத்தமும் அப்படித்தான். மனிதர் போனால் ஊர் அமைதியாகும் என்று யார் சொன்னது? மயில் கத்தும், குரங்கு கூரையில்லாத சுவரில் ஓடும், சில்வண்டு இரைந்துகொண்டே இருக்கும். இருநூறு வருஷம் கழிந்த நாட்டில் ஒரு வயலின்தான் கேட்கிறது என்றால் நான் எப்படி ஊறுவது?

காட்டுக் கேமில் நான் இதற்கு நேர்மாறாக மாட்டிக்கொண்டேன். அங்கே ஒரு மழை பெய்யும். மழைக்கு முன் இலை எல்லாம் வெளிறும், தூரத்து மலை மறையும், பிறகு முதல் துளி தண்ணீரில் வட்டம் போடும். மின்விசிறி ஓடுகிறதா நிற்கிறதா என்பதையே மறந்து அதைப் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறேன். ஒரு பாழடைந்த கோட்டைக்குள் வேர் இறங்கி, சுவரைப் பிடித்தபடி ஒரு மரம் நிற்கும். அதுதான் நான் கண்ட அழிவு. அது ட்ராகன் இருக்கிற நாட்டில் இருந்தது.

இன்னொன்றும் இருந்தது. காட்டுக் கேமில் ஒரு தோட்டத்தில் கோவா (முட்டைக்கோசு) பிடுங்கப் போனேன். கோவாவுக்கு மேலே சிவப்பு எழுத்து வந்தது. எடுத்தால் களவு. வீட்டுக்காரி வந்து ஏசினாள். சாம்பல் கேமில் எந்த வீட்டுக்குள் போனாலும் எந்தச் சாமானையும் எடுக்கலாம். சிவப்பு எழுத்து இல்லை. எனக்கு அது கூசியது. ஆளில்லாத வீட்டில் கிடக்கிற சாமானுக்கும் ஆள் உண்டு, அந்த ஆள் வேறெங்கோ இருக்கிறார், அவ்வளவுதான். நாங்கள் இல்லாத வளவில் எங்கள் அம்மியை யாரோ தூக்கிக்கொண்டு போனார்கள். அது யாரோ ஒருவருக்குக் கிடைத்த சாமான் என்று இன்றைக்கும் எனக்கு ஏற்கமுடியவில்லை. அது எங்கள் அம்மி.

மனைவிக்குக் காட்டுக் கேம் பிடிக்கவில்லை. அங்கே ஒரு கடற்கரை ஊர் உண்டு. முதல் நாள் அவள் அங்கே போய் இறங்குதுறையில் நின்றாள்.

"மூண்டு வள்ளம் கிடக்கு. ஒருத்தரும் தொழிலுக்குப் போகேல்லை."

"காலமை பார்ப்பம்," என்றேன். விளையாட்டில் நேரத்தைக் கடத்தலாம். விடியல் ஆக்கினேன்.

"இப்பவும் கிடக்கு. இண்டைக்கு ஞாயிற்றுக்கிழமையோ?"

அடுத்த நாளாக்கினேன். வள்ளம் அதே இடத்தில், அதே பக்கம் சரிந்தபடி. வலை ஒரே கம்பில் தொங்கியது, ஈரமில்லை. ஒரு மீனவன் அதே வசனத்தைச் சொன்னான்.

"ஏழு நாளும் ஞாயிறு," என்றாள். "இந்த ஊரில கோயில் மட்டும்தான் இல்லை. ஓய்வு மட்டும் இருக்கு."

அவளுடைய ஊரில் ஞாயிற்றுக்கிழமை கடலுக்குப் போகமாட்டார்கள். அது தேவாலயக் கட்டுப்பாடு. மற்ற ஆறு நாளும் வள்ளம் கரையில் கிடந்தால் ஏதோ நடந்திருக்கிறது என்று அர்த்தம். அவளுக்கு வள்ளம், எனக்குத் தகரம். அவள் சாம்பல் கேமில்தான் ஊறினாள். அங்கே கையில் ஒரு வானொலிப்பெட்டி இருக்கும். வெறும் வெளியில் நடக்கும்போது பழைய ஆட்டப் பாட்டு போகும். அவள் கூடவே தலையை ஆட்டிக்கொண்டு, ஒவ்வொரு வீட்டையும் துப்புரவாகக் கவிழ்த்துக் கொட்டிக்கொண்டு போவாள். "எல்லாம் போன பிறகும் பாட்டுப் போடுற ஒருத்தன் இருக்கிறான் பாருங்கோ. அவன்தான் எனக்குப் பிடிச்ச ஆள்," என்பாள்.

அப்படியானால் தெரிந்த விஷயம் இருக்கிற இடத்தில் ஒருவரும் ஊறமுடியாது, தெரியாத இடத்தில்தான் ஊறமுடியும் என்று ஒரு முடிவுக்கு வந்து அதைக் கொப்பியில் எழுதினேன். இரண்டு கிழமைக்குப் பிறகு அதை வெட்டினேன். காரணம், சுமை.

இரண்டு விளையாட்டிலும் சுமைக்கு ஓர் அளவு உண்டு. கூட எடுத்தால் ஆளுக்கு ஓடமுடியாது, கால் இழுபடும். அப்போது பெட்டியைத் திறந்து எதை விடுவது என்று பார்க்கவேண்டும். நான் அந்தப் பட்டியலுக்கு முன்னால் இருபது நிமிஷம் இருந்திருக்கிறேன். கேத்திலை விடுவதா, போர்வையை விடுவதா, எங்கோ ஒருவர் கொடுத்த கடிதத்தை விடுவதா. அந்த இருபது நிமிஷமும் நான் கதிரையில் இருக்கவில்லை. சாம்பல் கேமிலும் அப்படி, காட்டுக் கேமிலும் அப்படி. சூழல், வெளிச்சம், இசை ஒன்றுக்கும் அதில் பங்கில்லை. இலக்கமும் பட்டியலும் மட்டும்தான்.

"எறிஞ்சுபோட்டு வாங்கோ," என்பாள் மனைவி. "ஒரு கேத்திலுக்கு இவ்வளவு கதையோ?"

இதையெல்லாம் எழுதினேன். ஆயிரத்து நானூற்று எண்பது சொல். தகரத்தைப் பற்றி எழுதும்போது ஒரு சான்று வேண்டும் என்று என் வீட்டுக் கதையைச் சேர்த்தேன். அந்தப் பந்தி இதுதான்:

"அப்பா மலையகத்தில் ஒரு தேயிலைத் தோட்டத்து லயத்தில், தொழிலாளர் வரிசை வீட்டில், பிறந்தவர். தலைக்கு மேலே இருந்த தகரம் தோட்டத்துக்குச் சொந்தமானது. எழுபத்தேழு கலவரத்துக்குப் பிறகு வன்னிக்கு வந்து, வயல் கூலி வேலை செய்து, அவர் முதலில் சொந்தமாக வாங்கியது கூரைத் தகரம்தான். தொண்ணூற்றாறில் இடம்பெயர்ந்தபோது ஒவ்வொரு தகரத்திலும் தாரால் இலக்கம் எழுதினார். இலக்க வரிசையில் திரும்ப அடித்தால்தான் பழைய ஆணி ஓட்டைகள் பொருந்தும், மழை ஒழுகாது. அதில் ஏழாம் இலக்கத் தகரம் இன்றைக்கும் என்னிடம் இருக்கிறது."

அந்தத் தகரம் உண்மையில் இருக்கிறது. 2008 மார்கழியில் நாங்கள் இரண்டாம் தடவை வெளிக்கிட்டபோது அது பதுங்குகுழிக்கு மேலே மண்ணுக்குள் கிடந்தது. கிண்டி எடுக்க நேரமில்லை. மற்றவை எல்லாம் வழியில் போய்விட்டன. திரும்பி வந்து குழியை மூடும்போது அது அகப்பட்டது. இப்போது எங்கள் கோழிக்கூட்டுக்குப் பக்கச் சுவர். மூன்று தடவை ஆணி அடித்த ஓட்டைகள், மூலையில் ஒரு கறுப்புக் குறி.

கட்டுரையை ஐப்பசி முதல் கிழமையில் அனுப்பினேன். மூன்றாம் நாள் ஆசிரியர் வட்ஸ்அப்பில் அழைத்தார். மரியாதையான குரல்.

"அண்ணை, கட்டுரை நல்லாயிருக்கு. சின்னச் சின்ன மாற்றம் செய்திருக்கிறன். ஒருக்கால் பாருங்கோ."

மாற்றத்தைப் பார்த்தேன். மழை இல்லை. வள்ளம் இல்லை. சுமைப் பந்தி முழுதாக இல்லை. தொடக்கத்தில் புதிதாக இரண்டு வசனம் இருந்தன: அந்தச் சாம்பல் நிலத்தில் நடந்தபோது நான் என் கிராமத்தைக் கண்டேனாம். கண் கலங்கி விளையாட்டை நிறுத்தினேனாம்.

உடனே அழைத்தேன்.

"நான் கிராமத்தைக் காணேல்லை. அதுதானே கட்டுரை."

"அண்ணை, கொஞ்சமும் ஞாபகம் வரேல்லையோ?"

"இல்லை. தகரம் இடிக்குது."

"வாசிக்கிறவைக்கு அது விளங்காது. நீங்கள் வன்னி ஆள். அழிவைப் பற்றி நீங்கள் சொன்னால் ஒரு கனம் இருக்கு. மந்திர நாடுதான் திறம் எண்டு சொல்லுறதுக்கு வேற ஆக்கள் இருக்கினம்."

"நான் கண் கலங்கி நிப்பாட்டேல்லை. எல்லா நாளும் எத்தினை மணிக்கு நிப்பாட்டினனான், ஏன் நிப்பாட்டினனான் எண்டு எழுதி வைச்சிருக்கிறன். மூண்டு நாள் கரண்ட் போனது. ஒரு நாள் கோழி குஞ்சு பொரிச்சது."

அவர் சிரித்தார். கெட்ட மனிதர் இல்லை. யோசித்துவிட்டு, "சரி அண்ணை, கிராமத்தை எடுக்கிறன். மழையையும் திரும்பப் போடுறன். ஆனா அப்பான்ரை பந்தியை நடுவில வைக்கிறன். அதுதான் கட்டுரையின்ரை உயிர். அப்பா தன்ரை கையால தாரைத் தொட்டு இலக்கம் போடுறார். அந்தத் தகரத்தை ஒரு படம் எடுத்து அனுப்புங்கோ," என்றார். மாதக் கடைசியில் வெளிவரும், என் பெயரோடு.

எனக்கு மூச்சு வந்தது. அன்று பின்னேரமே கோழிகளை விரட்டிவிட்டுத் தகரத்தைக் கழுவிப் படம் எடுத்தேன். படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தபோதுதான் முதல்தடவையாக அந்தக் குறியை உற்றுப் பார்த்தேன். தலையில் ஒரு சின்னக் கோடு, கீழே நீளமாக ஒரு கோடு, நடுவில் குறுக்கே இன்னொன்று. குறுக்குக் கோடு தாரா, துருவா என்று தெரியவில்லை. தாரென்றால் அது குறுக்குக் கோடு போட்ட ஏழு, துருவென்றால் வெறும் ஒன்று.

இதுவரை அதை ஏழு என்று எதை வைத்துச் சொன்னேன்? கொப்பிகளைத் தேடினேன். 2010 கொப்பியில், குழி மூடிய நாளில், "தகரம் 1 அகப்பட்டது" என்று என் கையெழுத்தில் இருக்கிறது. ஒரு தகரம் அகப்பட்டது என்றா, ஒன்றாம் இலக்கம் என்றா எழுதினேன்? என் பதிவே எனக்கு உதவவில்லை. அன்றைக்கு என்னில் வந்த கோபம் விளையாட்டைச் செய்தவர்களில் வந்ததைவிடக் கூட.

அப்பாவும் இல்லை, அம்மாவும் இல்லை. அக்கா இருக்கிறாள், ஓமந்தையில். அடுத்த போயா (பௌர்ணமி) விடுமுறைக்குப் பஸ் ஏறிப் போனேன். அக்கா தோட்டத்தில் பிறந்து, கைக்குழந்தையாக வன்னிக்கு வந்தவள். அம்மாவின் பேச்சு அப்படியே அவளுக்கு வந்துவிட்டது. குசினியில் உளுந்து அரைத்துக்கொண்டிருந்தாள். கையைத் துடைத்துவிட்டு போனை வாங்கிப் படத்தைப் பார்த்தாள்.

"இது என்னாடா, கோழிப் பீயா?"

"அக்கா, அந்த மூலையைப் பாருங்கோ. அப்பா போட்ட இலக்கம்."

"அப்பாவா? அப்பாவுக்கு எங்கடா எழுதத் தெரியும்? கையெழுத்து வைக்கவே நாந்தான் சொல்லிக் குடுத்தேன்."

"இலக்கம் தெரியும்தானே?"

"எண்ணத் தெரியும். எழுத ஒருநாளும் நான் பாத்ததில்ல." படத்தைப் பெரிதாக்கினாள். "இது ஒண்ணு மாதிரியில்ல இருக்கு? அந்தத் தகரமெல்லாம் பழசுடா. பரந்தன் பக்கம் ஒரு நெல்லு மில்லு ஒடைச்சப்ப வாங்குனது. வாங்குறப்பவே கறுப்பா ஏதோ கெடந்துச்சு."

"நான் கண்டனான் அக்கா. முற்றத்தில இருந்து, பேணியில தார் வைச்சு, தடியால தொட்டுத் தொட்டு..."

"அது ஓட்ட அடைக்க. ஆணி ஓட்டைய அடைக்கத் தார் வைக்க மாட்டாங்களா? செருப்ப வெட்டி ஆணிக்கு வச்சதும் ஞாபகம் இருக்கா ஒனக்கு?"

இருக்கிறது. றப்பர் செருப்பை வட்டம் வட்டமாக வெட்டியது நான்தான்.

"இடம்பெயர்ந்துபோய் விசுவமடுவில கூரை அடிக்கேக்க அப்பா 'ஏழைக் குடு' எண்டு கேட்டார். அது எனக்கு நல்லா ஞாபகம்."

"ஏழாவதக் குடுன்னு கேட்டிருப்பாரு. நீதான் கீழ நின்னு எடுத்துக் குடுத்த. ஆறு குடுத்த பொறகு ஏழுதானே?" பிறகு, என் முகத்தைப் பார்த்துவிட்டு, குரலை இறக்கினாள். "எனக்கும் நிச்சயமாத் தெரியாதுடா. நான் அப்ப மாட்ட ஓட்டிக்கிட்டு முன்னாடி போயிட்டேன். எழுதியும் இருக்கலாம். நீ ஏன் இதுக்குப் பஸ்ஸு ஏறி வந்த?"

சாப்பிடாமல் போக விடவில்லை. திரும்பும் பஸ்ஸில் நான் மூன்று விதமாக வசனத்தை எழுதிப் பார்த்தேன். அப்பா தார்ப் பேணியோடு இருந்தது நான் கண்டது. தகரம் இருப்பது எல்லாரும் பார்க்கலாம். இலக்கம் என்பது நான் நினைத்துக்கொண்டது. எப்போது அதை நினைக்கத் தொடங்கினேன் என்றும் தெரியவில்லை. தகரத்தைக் கிண்டி எடுத்த அன்றாக இருக்கலாம். இந்தக் கட்டுரைக்கு ஒரு சான்று வேண்டும் என்று தேடிய அன்றாகவும் இருக்கலாம். இரண்டாவதாக இருந்தால் அது மோசம்.

வீட்டுக்கு வந்து மனைவியிடம் சொன்னேன்.

"இருநூறு வருஷமாக் கோப்பை மேசையில இருக்கேலாது எண்டு அந்தக் கேம் செய்த பிள்ளையளைப் பேசினியள்," என்றாள். "உங்கட தகரத்தில பதினாலு வருஷமா ஏழு இருந்திருக்கு." பிறகு தேத்தண்ணி கொண்டுவந்து வைத்துவிட்டுச் சொன்னாள்: "அப்பிடியே விடுங்கோ. ஆர் வந்து பாக்கப்போகினம்? உங்கட பேர் வாறதைப் பாக்க எனக்கும் ஆசை."

அவள் அதைப் பகிடியாகச் சொல்லவில்லை.

அன்று பின்னேரம் ஆசிரியருக்கு எழுதினேன். பந்தி இருக்கட்டும், "இலக்கம் எழுதினார்" என்ற இடத்தில் "எழுதினார் என்று நினைக்கிறேன், இது உறுதிப்படுத்தப்படவில்லை" என்று மாற்றவேண்டும், படத்தின் கீழே "குறி ஏழாகவோ ஒன்றாகவோ இருக்கலாம்" என்று போடவேண்டும் என்று கேட்டேன்.

அவர் அழைத்தார்.

"அண்ணை, இது நீதிமன்றமோ? நினைவுக் குறிப்புத்தானே. உங்களுக்கு அப்பிடி ஞாபகம் எண்டால் அது உங்களுக்கு உண்மை."

"எனக்கு அப்பிடி ஞாபகம் இல்லை. அதுதான் பிரச்சினை."

"பந்தியின்ரை உச்சத்தில வந்து உறுதியில்லை எண்டு போட்டால் வாசகன் வெளியில வந்துவிடுவான். மூழ்கினவனை நீங்களே தூக்கி வெளியில போடுறியள்."

"வெளியில வரட்டும்."

அவர் பொறுமையாகத்தான் சொன்னார். அந்தப் பந்தி திருத்தமில்லாமல் போனால் கட்டுரை வரும். பந்தியை எடுத்துவிட்டால் மிச்சம் ஒரு விளையாட்டு விமர்சனம், அதற்கு அவர்களிடம் ஆட்கள் இருக்கிறார்கள். திருத்தத்தோடு போடமுடியாது. அடுத்த வெள்ளிக்கிழமைக்குள் சொல்லவேண்டும்.

புதன்கிழமை முழுக்க அலுவலகத்தில் ஒரு வேலையும் ஓடவில்லை. வியாழக்கிழமை பின்னேரம் "ஓம், அப்படியே போடுங்கோ" என்று தட்டச்சுச் செய்து, அனுப்பாமல் அழித்தேன். இருபத்திரண்டு கொப்பியில் நான் கண்டதையும் கேட்டதையும் பிரித்துப் பிரித்து எழுதியிருக்கிறேன். யாரும் வாசிக்காத இடத்தில் அவ்வளவு கவனமாக இருந்துவிட்டு, முதல்தடவை சனம் வாசிக்கிற இடத்தில் மட்டும் விட்டுக்கொடுப்பதா? வெள்ளிக்கிழமை காலமை, வேலைக்குப் போகமுன், கட்டுரையைத் திருப்பி எடுத்துக்கொள்கிறேன் என்று இரண்டு வரி அனுப்பினேன். அவர் "விளங்குது அண்ணை, வேறொன்று தாங்கோ" என்று பதில் போட்டார். வேறொன்று நான் இன்னும் கொடுக்கவில்லை. எனக்கு இன்னும் எரிச்சல் தீரவில்லை. அவரிலும், என்னிலும், அந்தக் கூரைகளைச் செய்தவர்களிலும்.

அந்த ஞாயிற்றுக்கிழமை மனைவி பூசையால் வந்து சாம்பல் கேமைப் போட்டாள். அதில் ஓரிடத்தில் நாங்களே வீடு கட்டலாம். அவள் எனக்கென்று ஒரு கொட்டில் கட்டி, கூரை போடாமல் விட்டிருந்தாள்.

"இந்தாங்கோ, உங்களுக்காகத் தகரம் கழட்டின வீடு," என்றாள்.

நான் உள்ளே போய் நின்றேன். மேலே மண்ணிறமான வானம். பின்னால் அதே வயலின். ஒரு நிமிஷம் பார்த்துவிட்டு, சுமையைக் குறைக்கப் பெட்டியைத் திறந்தேன்.

இதை எழுதுவதற்கு முன் இன்றைக்கும் ஒருமுறை கோழிக்கூட்டுக்குப் போய் அளந்தேன். குறியின் உயரம் என் உள்ளங்கை அளவு. குறுக்குக் கோட்டைச் சவர்க்காரம் போட்டுத் தேய்த்துப் பார்த்தேன். போகவில்லை. ஆனால் துருவும் தேய்த்தால் போகாது. மில்லை உடைத்து விற்றவர்களைத் தெரிந்த ஒருவரைப் பரந்தனில் தேடி விசாரித்துக்கொண்டிருக்கிறேன், இன்னும் அகப்படவில்லை. அந்தக் குறி ஏழா ஒன்றா என்பதும், அதை எழுதியது அப்பாவா என்பதும் இந்தத் திகதி வரை உறுதிப்படுத்தப்படவில்லை.